இந்த மாதம் ‘வேண்டாம்’ யார் முறை?

1

முதலில் உண்மையை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. மூக்குக்கண்ணாடிக்கு ஸ்க்ரூ போடப் போன இடத்தில் மாட்டிக்கொண்டேன். கண்ணாடிக் கடைக்காரர் ஸ்க்ரூவைத் திருகிக்கொண்டே கேட்டார்.

“நீ கதையெல்லாம் எழுதறியாமே?”

“ஏதோ எழுதறேன் மாமா.”

“எங்க கிளப்புக்கு இருபத்தஞ்சு வருஷம் ஆகுது. வரலாறு ஒண்ணு எழுதிக் குடேன். நாப்பது பக்கம் போதும். அச்சுக்கூலி எங்களுது.”

“வரலாறு வேற, கதை வேற மாமா.”

“ரெண்டையும் பேனாவாலதானே எழுதறே?”

என் முதல் புத்தகம் நூற்றுப்பத்துப் பிரதி விற்றது. அதில் முப்பது அப்பா வாங்கியது. அச்சுக்கூலி தருகிறேன் என்று ஒருவர் தானாக வந்து சொன்னால் எந்த எழுத்தாளருக்கும் மனசு இளகிவிடும். சரி என்றேன்.

வேண்டாவெறுப்பாக ஆரம்பித்த வேலை. இப்போது என் நிலைமையைப் பாருங்கள்! உட்கார முடியவில்லை, நின்றுகொண்டே எழுதுகிறேன். பால் பொங்கி அடுப்பை அணைத்ததுகூடத் தெரியவில்லை. கிளப்பின் பழைய மினிட்ஸ் நோட்டில் ஒரு எண்ணைப் பார்த்துவிட்டேன். பெரிய தொகை எல்லாம் இல்லை. வெறும் ‘ஒன்று’. அதைப் பார்த்த நாளிலிருந்து எனக்குத் தலைகால் புரியவில்லை. பொறுங்கள், உளறிவிடக் கூடாது. வரிசையாகச் சொல்கிறேன். (முயற்சியாவது செய்கிறேன்.)

2

ஆரம்பம், முதல் வரைவு: “அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. வானம் மெல்ல—”

(அடித்துவிட்டேன். கிளப் கூடியது எல்லாமே மாதத்தின் முதல் ஞாயிறு காலை பத்து மணிக்கு. ஒருவரும் வானத்தைப் பார்த்ததாகத் தெரியவில்லை.)

ஆரம்பம், இரண்டாம் வரைவு: “ஒன்பது சாதாரண மனிதர்கள் சேர்ந்து ஓர் அசாதாரண—”

(இந்த இடத்தில் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருக்கிறது: ‘யாருடி சாதாரணம்?’ எழுதியது அத்தை. அப்பாவின் தங்கை, கிளப் உறுப்பினர், என் வரைவுகளையெல்லாம் முதலில் படிப்பவள். யாரும் அவளைப் படிக்கச் சொல்லவில்லை.)

மூன்றாம் வரைவு இது. இதை வைத்துக்கொள்கிறேன்.

கண்ணாடிக் கடையின் மாடியில் ஓர் அறை. கண் பரிசோதனைக்காகக் கட்டியது, அதனால் நீளமாக இருக்கும், அகலம் போதாது. ஒரு கோடியில் எழுத்து அட்டை. மேலே பெரிய எழுத்து, கீழே போகப் போகச் சிறியது. இன்னொரு கோடிவரை ஒன்பது மடக்கு நாற்காலிகள். பேச எழுகிறவர் எழுத்து அட்டைக்குக் கீழே வந்து நின்று பேச வேண்டும். பேச்சு போரடித்தால் மற்றவர்கள் கடைசி வரியைப் படித்துப் பார்த்துக்கொள்வார்கள். பேக்கரிக்காரருக்குக் கண்ணாடி போட வேண்டும் என்று கண்டுபிடித்ததே அப்படி ஒரு கூட்டத்தில்தான்.

அவர்கள் செய்தது இதுதான். மாதாமாதம் ஒன்பது பேரும் ஒரே அளவு பணம் போடுவார்கள். அதை வைத்து ஏதாவது ஒரு கம்பெனியின் பங்குகளை வாங்குவார்கள். எதை வாங்குவது, எதை விற்பது என்று சண்டை போட்டு, சீட்டு எழுதி, ஓட்டுப் போட்டு முடிவு செய்வார்கள். கையால் தொட்டுப் பார்க்காத பொருளைச் செய்கிற கம்பெனியில் பணம் போடக் கூடாது என்று ஆரம்பத்திலேயே ஒரு விதி. அதனால்தான் எல்லார் வீட்டிலும் தண்ணீர் ஏற்றிக்கொண்டிருந்த பம்ப் கம்பெனியின் பங்கை முதலில் வாங்கினார்கள். இன்றைக்கும் கிளப்பின் சொத்தில் முக்கால்வாசி அதுதான்.

நடுவில் விலகுகிறவருக்குப் போட்ட பணம் மட்டும் திரும்பக் கிடைக்கும், வளர்ந்த பணம் கிடைக்காது. இந்த விதியை மறந்துவிடாதீர்கள். என் அத்தையின் கழுத்தை நெரிப்பது இதுதான்.

3

இப்போது நான் உயிரை விடும் விஷயத்துக்கு வருகிறேன். வேறு எந்தக் கிளப்பிலாவது இப்படி ஒரு வழக்கம் உண்டா? எனக்குத் தெரிந்து இல்லை!

ஒன்பது பேரும் நண்பர்கள். நண்பர்கள் ஒருவர் மனசை ஒருவர் நோகடிக்க மாட்டார்கள். ஒருவர் ஒன்றைச் சொன்னால் மற்ற எட்டுப் பேரும் ‘ஆமா ஆமா’ என்பார்கள். முதல் வருஷம் அப்படித் தலையாட்டித் தலையாட்டியே ஒரு குடைக் கம்பெனியில் போட்டதெல்லாம் போயிற்று. அன்றைக்குக் கண்ணாடிக் கடைக்காரர் ஒரு ஏற்பாடு செய்தார். மாதம் ஒருவர், முறை வைத்து, வேண்டாம் என்று சொல்ல வேண்டும். அந்தக் கூட்டத்தில் யார் எந்தத் தீர்மானம் கொண்டுவந்தாலும் அவர் எழுந்து எதிர்த்தே பேச வேண்டும். மனசுக்குள் அவருக்கும் அது பிடித்திருக்கலாம், அதைப் பற்றிக் கவலையில்லை. எதிர்ப்பதைத் தவிர அன்று அவர் வாய் வேறு எதற்கும் திறக்கக் கூடாது. அவர் ஓட்டும் அன்று கணக்கில் கிடையாது. இதற்கு ‘வேண்டாம் முறை’ என்று பெயர்.

“இந்த மாசம் வேண்டாம் யாரு?” என்று கேட்டுக்கொண்டேதான் படியேறுவார்கள்.

எவ்வளவு நல்ல ஏற்பாடு பாருங்கள்! ஒருவருக்கும் கோபம் வராது. ‘அவர் முறைக்குச் சொல்றார், மனசுல ஒண்ணும் இல்ல’ என்று சிரித்துக்கொள்வார்கள். ஆனால் சொன்னது காதில் விழுந்துவிடும், அது போதும்.

4

என் கதாநாயகன் என் அப்பா. (கதாநாயகன் என்றா எழுதினேன்? இருக்கட்டும், பிறகு யோசிக்கலாம்.)

அப்பா லிஃப்ட் மெக்கானிக். இந்தத் தெருவில் நாலு மாடிக்கு மேல் இருக்கிற கட்டடம் எல்லாம் அவர் கைபட்டதுதான். கிளப்பில் அவருக்குப் பட்டப்பெயர் ‘தீர்க்கதரிசி’. அந்தப் பெயர் வந்த கதை கிளப்பில் எல்லாருக்கும் மனப்பாடம்.

ஆறாம் வருஷம். பம்ப் பங்கின் விலை பாதிக்குப் பாதி இறங்கிவிட்டது. மருந்துக் கடைக்காரம்மா எழுந்து, “இருக்கிறதையாவது காப்பாத்துவோம், வித்துடலாம்” என்று தீர்மானம் கொண்டுவந்தார். எல்லார் முகமும் வெளிறிக் கிடந்தது. அவர் உட்காருவதற்குள் அப்பா விருட்டென்று எழுந்து எழுத்து அட்டைக்குக் கீழே போய் நின்றார்.

“விலை இறங்கிடுச்சு, இறங்கிடுச்சுங்கறீங்க. இன்னைக்குக் காலையில உங்க வீட்டு பம்ப் ஓடலையா? குளிக்காமலா வந்திருக்கீங்க? விலை இறங்கினது அந்த பம்புக்குத் தெரியுமா?”

இருபது நிமிஷம் பேசினாராம்! அதிர்ந்து பேசாத மனிதர். மெக்கானிக் வேலையில் பேசியதைவிட முனகியதுதான் அதிகம். அன்றைக்கு மடை திறந்த மாதிரி கொட்டினார். பேக்கரிக்காரர் சொல்கிறார், தான் கடைசி வரியைப் படிக்க மறந்த ஒரே கூட்டம் அதுதான் என்று. ஓட்டு எடுத்தார்கள். விற்கவில்லை. இரண்டே வருஷத்தில் அந்தப் பங்கு விழுந்த இடத்திலிருந்து எட்டு மடங்கு ஏறியது.

அன்றிலிருந்து அப்பா தீர்க்கதரிசி. அவர் வாய் திறக்கவே வேண்டாம், எந்தத் தீர்மானம் வந்தாலும் எல்லாரும் அவர் முகத்தைப் பார்ப்பார்கள். லிஃப்ட் பழுது பார்க்கப் போகிற வீட்டிலெல்லாம் “எதை வாங்கலாம் சார்?” என்று கேட்பார்கள். அம்மா வீட்டுக்கு வருகிறவர்களிடம் இந்தக் கதையைச் சொல்லாமல் அனுப்பியதே இல்லை.

எனக்கு அன்று பதினோரு வயது. எனக்கு நினைவிருப்பது ஒன்றே ஒன்று. அப்பா கூட்டம் முடிந்து வந்ததும், நன்றாக ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியைக் கழற்றித் தரையில் பரப்பிவிட்டு அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். “அதுக்கு என்ன ஆச்சு?” என்று அம்மா கேட்டாள். “ஒண்ணும் ஆகல” என்றார்.

5

அத்தை எனக்குச் சரியாக வரவில்லை.

இரண்டு வரைவில் அவளை எழுதிப் பார்த்தேன். முதல் வரைவில் அழுதாள். ஓரத்தில் பென்சில்: ‘நான் எப்ப அழுதேன்?’ இரண்டாம் வரைவில் பொறுமையின் வடிவமாக இருந்தாள். பென்சில்: ‘இது யாரு?’ ஆகவே வர்ணனையை விட்டுவிட்டு நடப்பதை மட்டும் சொல்கிறேன்.

அத்தை பல் லேபில் வேலை செய்கிறாள். டாக்டர்கள் எடுத்து அனுப்புகிற அச்சில் மெழுகு வைத்து, சீவி, வார்த்து, பல் செய்து தருவது அவள் வேலை. இருபத்திரண்டு வருஷம் அதே மேஜை, அதே ஜன்னல் வெளிச்சம். ஒருவர் சிரிப்பதைப் பார்த்தால் போதும், “அந்த மேல் பல்லு நான் செஞ்சது” என்பாள். என் கதைகளில் வருகிற ஆட்களைப் பற்றி அவள் கேட்கிற ஒரே கேள்வி, “இவன் எந்தப் பக்கம் மெல்லுவான்?” “தெரியாதே அத்தை” என்பேன். “அதுகூடத் தெரியாம என்னத்தை எழுதறே?”

லேப் முதலாளி மகனோடு போய் இருக்கப் போகிறார். லேபை விற்கிறார். பெரிய கம்பெனி ஒன்று கேட்டிருக்கிறது. அவர்களுக்கு மெழுகும் கத்தியும் வேண்டாம், எல்லாம் மெஷின். மெஷினுக்கு அத்தை வேண்டாம். ஆனால் முதலாளி நல்ல மனிதர், “உனக்கு வேணும்னா உனக்குத்தான் முதல்ல. மாசக் கடைசி வரைக்கும் பொறுக்கறேன்” என்று சொல்லிவிட்டார்.

அத்தையின் சேமிப்பு பாதி விலைக்கு வரும். மீதிப் பாதி அந்த மாடி அறையில் இருக்கிறது. பம்ப் பங்கை விற்று ஒன்பதாகப் பிரித்தால் அவள் பங்கு சரியாகப் போதும். தனியாக விலகினால் போட்ட பணம் மட்டுமே வரும், அது மேஜை நாற்காலிக்குக்கூடக் காணாது. ஆக, கிளப் விற்க வேண்டும்.

இரண்டு மாதமாக இரண்டு முறை கேட்டுவிட்டாள். இரண்டு முறையும் மற்ற ஏழு பேரும் தீர்க்கதரிசியின் முகத்தைப் பார்த்தார்கள். அப்பா மேலே கூரையைப் பார்த்தார். ‘அவருக்கு இஷ்டமில்லை’ என்று புரிந்துகொண்டு விற்க வேண்டாம் என்று எழுதிப் போட்டார்கள்.

சொந்தத் தங்கை! ஒரு வார்த்தை சொன்னால் என்ன? எனக்கு வந்த கோபத்தில் அப்பாவோடு ஒரு வாரம் பேசவில்லை. அந்த வாரத்தில்தான் ஆறாம் வருஷ மினிட்ஸ் நோட்டைத் திறந்தேன்.

6

அதில் கண்ணாடிக் கடைக்காரரின் குண்டு குண்டான கையெழுத்தில் இருந்தது:

‘விற்க வேண்டாம்: 7. விற்கலாம்: 1. (வேண்டாம் முறை: பேக்கரி. ஓட்டு இல்லை.)’

அந்த ஒரு ஓட்டு மருந்துக் கடைக்காரம்மாவுடையதுதானே? தீர்மானம் கொண்டுவந்தவர் அவர். ஒரு வரி எழுதலாம் என்று கேட்கப் போனேன்.

“நானா? அட போம்மா! உங்க அப்பா பேசினதைக் கேட்டு நானே மாறிட்டேன். என் தீர்மானத்துக்கு நானே எதிரா எழுதிப் போட்டேன்.”

பிடித்தது எனக்கு வெறி! வீடு வீடாகப் போய்க் கேட்டேன். ஒவ்வொருவரும் சத்தியம் செய்யாத குறை. அத்தை உள்பட எல்லாரும் ‘விற்க வேண்டாம்’ என்றுதான் எழுதினார்களாம். பேக்கரிக்காரருக்கு ஓட்டே இல்லை. யாரோ பொய் சொல்கிறார்கள் என்று நினைத்தேன். விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். ஏழு பேர் ‘வேண்டாம்’ என்று ஒப்புக்கொண்டாயிற்று. நான் கேட்காத ஆள் ஒரே ஒருவர்.

(இந்த இடத்தில் எழுத்து கோணலாக இருந்தால் மன்னியுங்கள். நின்றுகொண்டே எழுதுகிறேன்.)

அப்பா ஆறு மாடிக் கட்டடம் ஒன்றின் உச்சியில், லிஃப்ட் மெஷின் அறையில் இருந்தார். ரோப்பைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். கீழே இருந்து படியேறிப் போனேன், லிஃப்டைத்தான் நிறுத்தி வைத்திருந்தாரே. மூச்சு வாங்க நோட்டைத் திறந்து அந்த எண்ணின் மேல் விரலை வைத்தேன்.

“அப்பா, இந்த ஒண்ணு யாரு?”

ரோப்பை விட்டுக் கையை எடுத்தார். கிரீஸ் கையைப் பார்த்தார். தப்பிக்கிற மனிதர் இல்லை, பாவம்.

“நான்தான்மா.”

“அப்போ அந்தப் பேச்சு?”

“என் முறைன்னு நினைச்சுட்டேன்.”

கேட்டீர்களா? கேட்டீர்களா! நான் அப்படியே மோட்டார் பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

நடந்தது இது. முந்தின மாதம் வேண்டாம் முறை அப்பாவுடையது. அந்த மாதம் கடைக்குப் பெயின்ட் அடித்ததால் கூட்டம் நடக்கவில்லை. நடக்காத கூட்டத்தின் முறை அடுத்த மாதத்துக்கு வரும் என்று அப்பா நினைத்துக்கொண்டார். மாதம் போனால் முறையும் போயிற்று என்று மற்ற எட்டுப் பேரும் முடிவு செய்திருந்தார்கள். அதை இவரிடம் யாரும் சொல்லவில்லை. விற்கும் பேச்சு வரும் என்று எதிர்பார்த்து இவர் ஒரு வாரமாக வீட்டில் பயிற்சி செய்து, தன் கடமையென்று எழுந்து, மனசில் துளியும் நம்பாததை நம்புகிற மாதிரி பேசினார். முறை பேக்கரிக்காரருடையது என்று தெரிந்த மற்றவர்களோ, ‘முறை இல்லாமலே எழுந்து பேசறாரே, எவ்வளவு நம்பிக்கை இருந்தா இப்படிப் பேசுவார்!’ என்று வாயைப் பிளந்துவிட்டார்கள்.

“எப்பப்பா தெரிஞ்சுது?”

“நான் வந்து உட்கார்ந்தேன். பேக்கரி எழுந்தாரு. ‘இன்னைக்கு என் முறை, நான் என்னத்தைப் பேச? எல்லாத்தையும் இவரே சொல்லிட்டாரே’ன்னாரு. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. எல்லாரும் கை தட்டறாங்க. சீட்டை வேற கையில கொடுத்துட்டாங்க. உண்மையை எழுதிப் போட்டேன்.”

“ஏன் விக்கணும்னு நினைச்சீங்க?”

“பயமா இருந்துச்சு. வேற ஒண்ணும் இல்ல.”

பத்தொன்பது வருஷம்! அத்தனை வருஷமும் இந்த மனிதர் ஒரு கைத்தட்டலைச் சுமந்துகொண்டு படியேறி இறங்கியிருக்கிறார். இப்போது தங்கைக்காக ‘விற்கலாம்’ என்று வாயைத் திறந்தால், தீர்க்கதரிசியே ஏன் மாறிவிட்டார் என்று கேட்பார்கள். கேட்டால் எல்லாம் வெளியே வந்துவிடும். அதனால்தான் கூரையைப் பார்த்தார்.

“எழுதிடாதம்மா” என்றார். என்னிடம் அவர் எதையுமே கேட்டதில்லை.

7

எழுதாமல் எப்படி இருப்பது? நீங்களே சொல்லுங்கள்! ஒரு எழுத்தாளரின் கையில் இப்படி ஒரு விஷயம் வாழ்நாளில் ஒருமுறை விழும். ஆனால் அதைக் கொடுத்தவர் என் அப்பா.

முடிவு, முதல் வகை: வெள்ளிவிழாக் கூட்டத்தில் வரலாற்றை நான் வாசிக்கிறேன், உண்மை உள்பட. கிளப் விற்கிறது, அத்தைக்கு லேப். அப்பா அந்தப் படியில் மறுபடி கால் வைப்பதில்லை.

முடிவு, இரண்டாம் வகை: அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு வாசிக்கிறேன். புத்தகம் அழகாக அச்சாகிறது. அத்தை தன் கத்திகளைத் துணியில் சுருட்டி எடுத்துக்கொண்டு லேபை விட்டு—

(எழுத முடியவில்லை.)

முடிவு, மூன்றாம் வகை: திடீரென்று எங்கிருந்தோ ஒரு பணக்காரர் வந்து, பல் வலியால்—

(சீ.)

இன்னொரு சிக்கலும் இருந்தது. வெள்ளிவிழாக் கூட்டந்தான் மாதக் கடைசிக்குமுன் வரும் ஒரே கூட்டம். அந்தக் கூட்டத்தில் வேண்டாம் முறை யாருடையது தெரியுமா? அப்பாவுடையது. இந்த முறை நிஜமாகவே! அத்தை ‘விற்கலாம்’ என்று கேட்டால், விதிப்படி அப்பா எழுந்து ‘விற்கக் கூடாது’ என்று பேசியே ஆக வேண்டும். வேறு வாய் திறக்கக் கூடாது. தீர்க்கதரிசி வாயாலேயே வேண்டாம் என்று வந்துவிட்டால் அப்புறம் யார் விற்பார்கள்?

நான் ஒரு கோழை. இரண்டு பிரதி எடுத்தேன், ஒன்று உண்மையோடு, ஒன்று உண்மையில்லாமல். உண்மையுள்ளதை வழக்கம்போல அத்தையின் மேஜையில், மெழுகுக்கும் அச்சுக்கும் நடுவில் வைத்துவிட்டு ஓடிவந்துவிட்டேன்.

மூன்று நாள் சத்தமில்லை. நாலாம் நாள் பிரதி திரும்பி வந்தது. அப்பா மெஷின் அறையில் பேசிய பக்கத்தில் ஒரு கீறல்கூட இல்லை. அவருடைய பழைய பம்ப் பேச்சு இருந்த பக்கத்தில் மட்டும் வரிக்கு வரி அடிக்கோடு. ஓரத்தில் பென்சில்: ‘இது மனப்பாடம் ஆகணும். இன்னும் நாலு வரி தேடிக் குடு.’

எனக்கு ஒன்றும் புரியவில்லை. தேடிக் கொடுத்தேன்.

8

இனி நான் எதையும் இட்டுக்கட்டவில்லை. எனக்கு அவ்வளவு திறமை கிடையாது.

ஞாயிறு காலை பத்து மணி. ஒன்பது நாற்காலி, எனக்காகப் பத்தாவது. என் பையில் இரண்டு பிரதியும் இருந்தன. கண்ணாடிக் கடைக்காரர், “முதல்ல வரலாறு வாசிப்பு” என்றார். நான் எழுந்தேன். எந்தப் பிரதியை எடுப்பது என்று பைக்குள் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தேன்.

“அது அப்புறம்” என்று அத்தை எழுந்தாள். “முதல்ல என் தீர்மானம். நீ உட்காருடி.”

எழுத்து அட்டைக்குக் கீழே போய் நின்றாள். அப்பா கூரையைப் பார்க்க ஆரம்பித்தார்.

“பம்ப் பங்கை விற்கக் கூடாதுன்னு நான் தீர்மானம் கொண்டுவரேன்.”

நாற்காலிகள் கிறீச்சிட்டன. கண்ணாடிக் கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றினார். “என்னம்மா சொல்றே? உனக்குத்தானே விக்கணும்?”

“கூடாதுங்கறேன். எழுதிக்குங்க. இது தோத்துட்டா நாளைக்கே வித்துடணும், அதையும் எழுதிக்குங்க.”

பிறகு பேசினாள் பாருங்கள்! “விலை இறங்கிடுச்சு, இறங்கிடுச்சுங்கறீங்க. இன்னைக்குக் காலையில உங்க வீட்டு பம்ப் ஓடலையா? குளிக்காமலா வந்திருக்கீங்க? விலை இறங்கினது அந்த பம்புக்குத் தெரியுமா?” ஒரு சொல் பிசகாமல் அப்பாவின் பேச்சு, அதே ஏற்ற இறக்கத்தோடு. விலை இப்போது இறங்கவே இல்லை என்பதைப் பற்றி அவள் கவலைப்படவில்லை. பேக்கரிக்காரர் சிரிப்பை அடக்க முடியாமல் குனிந்துகொண்டார். அத்தை மட்டும் சிரிக்கவில்லை. வந்து உட்கார்ந்தாள்.

“வேண்டாம் யாரு முறை?” என்றாள், எதிரே சுவரைப் பார்த்து.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அத்தை விற்கக் கூடாது என்று சொல்லிவிட்டாள். எதிர்க்க வேண்டியது அப்பா. விதிப்படி அவர் இப்போது விற்கச் சொல்லித்தான் பேச வேண்டும்! கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அவர் நுழைந்தாலும் சரி, நுழையாவிட்டாலும் சரி, காட்டிக்கொடுக்க மாட்டாள். வெறுமனே முறைக்காக நாலு வரி ஒப்பித்துவிட்டு உட்காரலாம். எல்லாரும் ‘முறைக்குச் சொல்றார்’ என்று சிரித்துவிட்டு விற்க வேண்டாம் என்று எழுதிப் போடுவார்கள். தீர்க்கதரிசிப் பட்டமும் பிழைக்கும்.

அப்பா எழுந்து போய் நின்றார்.

“இன்னைக்கு என் முறை” என்றார். “அதனால... அதனால விக்கணும்னு சொல்லணும். ஆனா... முறைக்காகச் சொல்லல.”

“அதைத்தானே எல்லாரும் சொல்லுவாங்க!” என்றார் பேக்கரிக்காரர். எல்லாரும் சிரித்தார்கள்.

“இல்ல. இருங்க. அன்னைக்குத்தான் முறைக்குச் சொன்னேன். பத்தொன்பது வருஷம் முன்னாடி. என் முறைன்னு நினைச்சுட்டேன். உங்க முறைன்னு எனக்குத் தெரியாது. அந்த ஒரு ஓட்டு... விக்கலாம்னு போட்டது... அது நான்.”

சிரிப்பு நின்றுவிட்டது. மருந்துக் கடைக்காரம்மா, “அப்போ நான் மாறினது...” என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

“நான் தீர்க்கதரிசியும் இல்ல, ஒண்ணும் இல்ல. பயந்துபோய் உட்கார்ந்திருந்தவன். கை தட்டினீங்க, வாங்கிக்கிட்டேன்.” அப்பாவுக்கு வியர்த்துக் கொட்டியது. சட்டைக் கையால் துடைத்துக்கொண்டார். “இப்ப இவ கேட்டாளே, விலை இறங்கினது பம்புக்குத் தெரியுமான்னு. தெரியாது. பம்புக்கு ஒண்ணுமே தெரியாது. அது பாட்டுக்கு ஓடும், நாம வச்சுக்கிட்டே இருக்கலாம். ஆனா என் தங்கச்சிக்கு ஐம்பத்துநாலு வயசு ஆயிடுச்சு. அவளுக்கு அந்த லேப் வேணும். வித்துடுங்க.”

அவ்வளவுதான். நாலு நிமிஷம்கூட இல்லை. பாதி வார்த்தை தொண்டையிலேயே நின்றுவிட்டது. கிளப் வரலாற்றிலேயே அதைவிட மோசமான பேச்சு கிடையாது. ஒருவரும் கை தட்டவில்லை.

அத்தை என் காதருகே குனிந்தாள். “எங்கண்ணன் நிஜம் பேசினா இப்படித்தான் திக்குவார். சின்ன வயசுலருந்தே.” அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. (இந்த வரியையும் பென்சிலால் அடித்திருக்கிறாள். நான் மறுபடி எழுதியிருக்கிறேன். நான் பார்த்தேன் அத்தை, நான் பக்கத்தில்தானே உட்கார்ந்திருந்தேன்!)

பேக்கரிக்காரர் எழுந்தார். நேராக அப்பாவிடம் போனார். “யோவ், அப்போ என் முறையைத் தெரியாமத்தான் திருடினியா? நான் இத்தனை வருஷமா, நம்மளவிட நல்லாப் பேசறான்னு பொறாமைப்பட்டுக்கிட்டு இருந்தேன்யா!” என்று சொல்லி அவர் தோளைப் பிடித்து உலுக்கினார். உலுக்கியது கோபத்திலா சந்தோஷத்திலா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. அவருக்கும் தெரிந்திருக்காது.

சீட்டு கொடுத்தார்கள். எட்டுச் சீட்டு. அப்பாவுக்கு இல்லை, முறைக்காரருக்கு ஓட்டு கிடையாது. எட்டுப் பேரும் ஒருவர் எழுதுவதை ஒருவர் பார்க்காதபடி கையால் மறைத்து எழுதினார்கள், பரீட்சை எழுதுகிற மாதிரி. கண்ணாடிக் கடைக்காரர் பழைய லென்ஸ் டப்பாவில் வாங்கிப் போட்டு என்னிடம் நீட்டினார்.

“வெளியாள் நீதான். நீயே எண்ணு.”

எண்ணினேன்.

9

எழுத மாட்டேன்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். என்னிடம் கேட்டது இருபத்தைந்து வருஷத்து வரலாறு. அந்தச் சீட்டுகளை விரித்த நிமிஷம் இருபத்தாறாம் வருஷம் ஆரம்பித்துவிட்டது. நாற்பது பக்கமும் முடிந்துவிட்டது. இது சாக்கு என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

நிஜக் காரணம் வேறு. எட்டு நண்பர்கள் முன்னால் ஒரு மனிதர் தன் பட்டத்தைத் தானே கழற்றி வைத்தார். அவருக்காக இன்னும் ஒருவராவது எழுந்து பேச வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருக்கிறது. நான் மகள், நான் பேசினால் செல்லாது. எனவே கிளப் விதிப்படியே போகிறேன். இப்படி முடிக்க ஒன்பது பேர் சம்மதமும் வாங்கியாயிற்று. அத்தையும் பென்சிலைக் கீழே வைத்துவிட்டாள்.

நான் முன்மொழிகிறேன்: கிளப் விற்கவில்லை. அத்தைக்கு லேப் கிடைக்கவில்லை. அப்பா திக்கித் திக்கிப் பேசியது வீணாகப் போயிற்று. கதை இப்படித்தான் முடிகிறது.

இந்த மாதம் வேண்டாம் முறை உங்களுடையது. மனசுக்குள் என்ன நினைத்தாலும் சரி, நான் சொன்னதை எதிர்த்தே ஆக வேண்டும். நன்றாகப் பேச வராவிட்டால் இன்னும் நல்லது.

எழுந்திருங்கள்.